பாசி செடியா, கொட்டலசு சிப்பியா, மைக்ரோஸ்கோப் எது வாங்கலாம்?

தம்பி, தங்கச்சிமடத்தில் சாயங்கால ட்யூஷன் எடுக்கிறேன் என்றும், "பாசி ஒரு தாவரம்" என்று சொன்னதற்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒன்று எழுந்து "இல்ல சார், அது புரோட்டிஸ்டா" (தாவரம், விலங்கு, பூஞ்சை எதிலும் சேராத, செல்லில் உட்கரு உள்ள எளிய உயிர்களுக்கான பெட்டி) என்று மறுத்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அம்மா முப்பது வருஷமாகப் பாசி எடுக்கப் போகிறவர் என்பதால் வீட்டிலும் கேட்டிருக்கிறீர்கள். "கடலுக்குள்ள முளைக்கிற செடிதானடா" என்று அவர் முடித்துவிட்டார். கூடவே இன்னும் இரண்டு கேள்வி: உயிருள்ளது எது என்பதை ஏழு குணம் ஒப்பிக்காமல் எப்படிப் புரியவைப்பது? மூவாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன், என்ன மைக்ரோஸ்கோப் வாங்குவது? நான் இதே கரையில் முப்பத்தொரு வருஷம் உயிரியல் எடுத்தவள். மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் எனக்குப் படுகிறது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

பாசியை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் சொன்னதும் சரி, அந்தப் பெண் சொன்னதும் சரி. நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1969இல் விட்டேக்கர் என்ற உயிரியலாளர் உயிர்களை ஐந்து உலகமாகப் பிரிக்கும் ஐந்துலகப் பாகுபாட்டைப் போட்டபோது கண்ணுக்குத் தெரிகிற பெரிய பாசிகளை, சிவப்போ பழுப்போ பச்சையோ, தாவர உலகத்தில்தான் வைத்தார். பின்னால் லின் மார்குலிஸ் என்ற உயிரியலாளர் அந்த ஏற்பாட்டைத் திருத்தி, பாசி மொத்தத்தையும் புரோட்டிஸ்டா பக்கம் தள்ளினார். எந்த ஏற்பாட்டைப் பின்பற்றி எழுதியிருக்கிறார்களோ அதைப் பொறுத்துப் புத்தகத்துக்குப் புத்தகம் பதில் மாறும். பரீட்சையில் அந்தப் பெண் தன் புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும். ஆனால் வகுப்பில் இதோடு நிறுத்தினால் நல்ல சமாச்சாரம் கைநழுவிவிடும்.

அம்மாவின் சாக்கை ஒருநாள் பிள்ளைகள் முன்னால் கொட்டச் சொல்லுங்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று பாசி எடுக்கிற அம்மாக்கள் கண் மூடிக்கூடப் பிரிப்பார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு கல்லிலிருந்து பிய்க்கிறபோதே எது எந்தக் கம்பெனிக்குப் போகும், எது என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியும். இப்போது வம்சம் பார்ப்போம். மரிக்கொழுந்தும் கஞ்சியும் சிவப்புப் பாசி. அவை பச்சைப் பாசிக்கும், அதன் வழியாக நம் வேப்ப மரத்துக்கும் பனைக்கும் தூரத்துச் சொந்தம். கட்டக்கோரையும் பக்கோடாவும் பழுப்புப் பாசி. இலை மாதிரி, காய் மாதிரி என்னவெல்லாமோ வைத்துக்கொண்டு பார்க்க அச்சு அசல் செடியாக இருப்பது கட்டக்கோரைதான். ஆனால் செடிக்கும் அதற்கும் கிட்டத்துச் சொந்தமே கிடையாது. ஆதியில் ஏதோ ஒரு நுண்ணுயிர் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக் குடித்தனம் நடத்தியதில் வந்த வம்சம் அது. அதனால்தான் அதன் பசுங்கணிகத்தை, அதாவது செல்லுக்குள் வெளிச்சத்தை வைத்து உணவு செய்யும் பையைச் சுற்றி நான்கு சவ்வு இருக்கிறது, செடியில் இரண்டுதான்.

கட்டக்கோரையின் நெருங்கிய சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? டயாட்டம்கள் என்ற ஒற்றைச் செல் பாசிகள். பாலத்தடியில் அலை விலகிய கல்லில் கால் வைத்தால் வழுக்குமே, அந்தப் பழுப்புப் படலத்தை நகத்தால் சுரண்டி ஒரு சொட்டுக் கடல் தண்ணீரில் கரைத்து 400 மடங்கில் பாருங்கள். கண்ணாடி ஓடு போட்ட சின்னச் சின்னத் தோணிகள், துடுப்பில்லாமல் தானாக முன்னும் பின்னும் வழுக்கிப் போகும். அதில் ஒரு வகைக்கு நாவிகுலா என்றே பெயர், லத்தீனில் சின்னப் படகு என்று அர்த்தம். அதன் பொன்பழுப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கட்டக்கோரைத் துண்டு ஒன்றை வையுங்கள். ஒரே நிறம், ஒரே நிறமி. கண்ணுக்கே தெரியாததும், ஆள் உயரம் வளர்வதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இன்னொன்றையும் சாக்கில் போட்டுவிடுங்கள்: கரையில் ரிப்பன் ரிப்பனாக ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல். எல்லோரும் அதையும் பாசி என்பார்கள். நானும் பணிக்கு வந்த முதல் வருஷம், "கடற்புல் பூக்கும்" என்று விடைத்தாளில் எழுதிய ஒரு பையனுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டவள்தான். அவன் அப்பா கரைவலைக்காரர். மறுநாள் வேரோடு ஒரு கொத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். வேர் இருந்தது, மட்டத்தண்டு இருந்தது. கடற்புல் முழுக்க முழுக்கப் பூக்கும் தாவரம். தண்ணீருக்குள்ளேயே பூத்து, தண்ணீரிலேயே மகரந்தம் போய் விதை வைக்கிறது. அதன் இலையை லென்ஸில் பார்த்தால் இலைத்துளையே இருக்காது, தண்ணீருக்குள் இருப்பதற்கு அது எதற்கு? ஆக, செடி மாதிரி இருக்கிற கட்டக்கோரை செடியில்லை, பாசி என்று நாம் ஒதுக்கிய புல்தான் அசல் செடி.

மரிக்கொழுந்துப் பாசி விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. அதிலிருந்து எடுப்பதுதான் அகர். கீழக்கரைப் பக்கம் நோன்புக்காலத்தில் பாலில் காய்ச்சி ஊற்றித் துண்டு போடும் கடல்பாசியும் அதே சரக்குதான். 1881இல் ஜெர்மனியில் கிருமியியல் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்க ஜெலட்டினை வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் சூடானால் உருகிவிடும், சில பாக்டீரியா அதையே தின்றுவிடும். அங்கே வேலை பார்த்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, "நான் வீட்டில் ஜெல்லிக்கு அகர் போடுகிறேன், வெயிலிலும் உருகுவதில்லை" என்று சொன்னார். ஜாவாவில் இருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்றது. அன்றிலிருந்து உலகத்தில் பாக்டீரியா வளர்க்கும் தட்டெல்லாம் அகர்தான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பிய்த்த பாசி எந்த ஊர் ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துக்கொண்டிருக்கிறதோ!

இப்போது அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: அம்மா பாசியைப் பிரிப்பதும் வகைப்பாடுதான், புத்தகத்தில் இருப்பதும் வகைப்பாடுதான். கேள்வி வேறு. அம்மாவின் கேள்வி "இது எதற்கு ஆகும்?" புத்தகத்தின் கேள்வி "இது யாருக்குச் சொந்தம்?" மீன் சமாச்சாரமும் அப்படித்தான். சொறிமீன், நட்சத்திர மீன், கணவாய்மீன் மூன்றிலும் மீன் இருக்கிறது, ஒன்றுகூட மீனில்லை. பெயரில் மீனே இல்லாத கடல் குதிரைதான் மீன்: செவுள் இருக்கிறது, முதுகெலும்பு இருக்கிறது, துடுப்பு இருக்கிறது. கணவாய், சங்குக்கும் சிப்பிக்கும் பங்காளி. சொறி, பவளப்பூச்சிக்குப் பங்காளி. நட்சத்திர மீனும் கடல் அட்டையும் முட்தோலிகள். அந்த 'அட்டை'க்கும் வயலில் காலைக் கடிக்கிற அட்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொன்னால் நம்பமாட்டார்கள்: கடல் அட்டை கணவாயைவிட நமக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். கருவில் முதலில் தோன்றும் துளை கடல் அட்டையிலும் சரி, நம்மிலும் சரி, ஆசனவாய்ப் பக்கமாக அமைகிறது, வாய் பிறகுதான் வருகிறது. விலங்கியல் படிக்கிற பிள்ளைகளை எந்தக் காலேஜிலிருந்தும் மண்டபத்துக்குக் கூட்டிவந்து குருசடைத் தீவைக் காட்டுவதற்குக் காரணமான பலனோகிளாசஸ் புழுவும் இந்தப் பக்கத்துச் சொந்தம்தான்.

ஆவுளியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் பசு என்கிறோம், புல் மேய்கிறது என்பதால். மேய்வது மேலே சொன்ன கடற்புல்லை. ஆனால் பசுவுக்கு அது சொந்தமில்லை. இன்று உயிரோடு இருக்கிற தரை விலங்குகளில் அதற்குக் கிட்டத்துச் சொந்தம் யானை. ஓங்கிலை (டால்ஃபினை) மீன் என்று சொன்னால் சிரிக்கிறோம், ஆனால் வகைப்பாட்டின் தந்தை லின்னேயஸே 1735இல் தன் முதல் பதிப்பில் திமிங்கலத்தையும் ஓங்கிலையும் மீன்களோடுதான் வைத்திருந்தார். 1758இல் பத்தாம் பதிப்பில்தான் பாலூட்டிக்கு மாற்றினார். பெரியவர்களே பெட்டி மாற்றி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் மாற்றிச் சொன்னால் திட்ட வேண்டாம். இரண்டு சொல் பெயர் வைக்கும் வழக்கம் லின்னேயஸ் நிலைநிறுத்தியதுதான். அதன் பயன் சுருக்கமானது: பாம்பனில் ஒரு பெயர், தொண்டியில் ஒரு பெயர், தூத்துக்குடியில் வேறு பெயர் என்று இருக்கும் ஒன்றை எல்லோரும் ஒரே பெயரால் சொல்லலாம். பேரினம், சிற்றினம், குடும்பம், வரிசை என்ற ஏணியை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. விலாசம் மாதிரி, கதவு எண்ணிலிருந்து மாநிலம்வரை, என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் பவளத்துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். மூன்றும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. செத்ததாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே அனுமதியில்லாமல் போகவும் முடியாது. கவலைப்படாதீர்கள், உங்களுக்கு வேண்டியதெல்லாம் ஜெட்டியிலும் சமையல்கட்டிலும் கிடைக்கிறது.

அடுத்து, உயிர். ஏழு குணத்தை நானும் கரும்பலகையில் எழுதியவள்தான்: உணவு, சுவாசம், வளர்ச்சி, இனப்பெருக்கம், கழிவகற்றல், அசைவு, தூண்டலுக்குத் துலங்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிவிலக்குப் பையன் இருப்பான். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்புப் படிகம் வளர்கிறதே? வளர்கிறது, ஆனால் வெளியிலிருந்து ஒட்டி ஒட்டி. உள்ளே எதையும் வாங்கி மாற்றி அது தன்னைக் கட்டுவதில்லை. கோவேறு கழுதை குட்டி போடாதே? தனி ஆள் போடாது, ஆனால் அதன் உடம்புக்குள் செல்கள் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. இப்படி ஒவ்வொன்றாகச் சமாளிப்பதைவிட, ஒரு டப்பாவைக் காட்டுங்கள்.

இறால் ஹேச்சரியில் வேலை பார்ப்பவர் யாராவது உங்கள் தெருவில் இருப்பார். ஒரு தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை கேட்டு வாங்கிவாருங்கள். இறால் குஞ்சுக்குத் தீனியாகப் போடுவது. மீன்தொட்டிக் கடையிலும் விற்பார்கள். காய்ந்த பழுப்புத் தூள், ரவையைவிடப் பொடி. வகுப்பில் சுற்றிவிட்டு "இது உயிருள்ளதா?" என்று கேளுங்கள். தின்னாது, அசையாது, வளராது. மூச்சும் அளக்க முடியாத அளவுக்குத்தான். வருஷக்கணக்கில் டப்பாவில் இப்படியே கிடக்கும். பிள்ளைகள் ஓட்டெடுப்பில் உயிரில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் கடல் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை தூவி, வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு மறுநாள் சாயங்காலம் அவர்கள் வரும்போது ஆரஞ்சு நிறப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்திக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அத்தனையும் வெளிச்சத்துக்கு ஓடிவரும்.

அப்படியென்றால் நேற்று அது உயிருள்ளதா இல்லையா? இந்தக் கேள்வியை அவர்களிடமே விட்டு ஒருநாள் சண்டை போட விடுங்கள். நான் சொல்கிற பதில் இது: ஓட்டம் நின்றிருந்தது, கட்டுமானம் குலையவில்லை. செல் முழுசாக இருந்தது, எப்படிக் கட்டுவது என்ற எழுத்து உள்ளே இருந்தது, தண்ணீர் வந்ததும் தன் வேலையைத் தானே தொடங்கத் தெரிந்தது. ஏழு குணமும் அந்த மூன்றிலிருந்து வருபவை. உயிர்கள் எல்லாம் செல்லால் ஆனவை என்று ஷ்லைடனும் ஷ்வானும் 1838, 39இல் சொன்னார்கள். செல் செல்லிலிருந்துதான் வரும் என்று 1855இல் விர்ச்சோ சேர்த்தார். வைரஸுக்கு எழுத்து மட்டும் உண்டு, செல் கிடையாது, வேறொருவர் வீட்டு அடுப்பில்தான் அதற்குச் சமையல். அதனால் அதை வாசற்படியிலேயே நிறுத்தியிருக்கிறோம்.

அந்த ஆரஞ்சுப் புள்ளியை இப்போது லென்ஸில் வைக்கிறோம். 40 மடங்கு போதும். உடம்பு பேரிக்காய் மாதிரி, நெற்றியில் ஒரே ஒரு கரும்புள்ளிக் கண், பக்கத்துக்கு மூன்றாக மூன்று ஜோடிக் கை. அதில் பெரிய ஜோடியைத் துடுப்பு போட்டுப் போட்டு, விட்டு விட்டு உந்திப் போகும். நாப்ளியஸ் என்று பெயர். பிள்ளைகளை நோட்டில் வரையச் சொல்லுங்கள். மூன்று ஜோடி, ஒற்றைக் கண்: அதைக் குறித்துக்கொள்ளட்டும். இதை வைத்து ஒரு வழக்கைத் தீர்க்கப்போகிறோம்.

கரையேற்றிய வள்ளத்தின் அடியில் கொட்டலசு (ஆங்கிலத்தில் பார்னக்கிள்) சுரண்டுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள், காலை அறுத்தும் கொண்டிருப்பார்கள். வெள்ளையாகக் கூம்பு மாதிரி ஓடு, இரும்பு போல ஒட்டிக்கொண்டு. யாரைக் கேட்டாலும் சிப்பி இனம் என்பார்கள். லின்னேயஸும் அப்படித்தான் ஓடுள்ள பிராணிகளோடு வைத்தார், அவருக்குப் பின்னால் வந்த பிரெஞ்சு விலங்கியலாளர் குவியேயும் மெல்லுடலிகளில்தான் வைத்தார். அயர்லாந்தில் கார்க் துறைமுகத்தில் ராணுவ மருத்துவராக இருந்த வாகன் தாம்ப்சன் என்பவர், மெல்லிய துணி வலையைத் தண்ணீரில் இழுத்து, அகப்பட்ட பொடியையெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தார். நீந்துகிற சின்னப் பிராணி ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தார். சில நாளில் அது அடியில் ஒட்டிக்கொண்டு, மேல்தோலை உரித்துப் போட்டுவிட்டு, கொட்டலசாக மாறியது. அதன் குஞ்சும் நாப்ளியஸ். ஒற்றைக் கண், மூன்று ஜோடிக் கை. 1830இல் அவர் அதை வெளியிட்டபிறகு கொட்டலசு சிப்பி வீட்டைவிட்டு இறால், நண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நண்டுக் குஞ்சையும் அதற்குமுன் 'சோயியா' என்று தனிப் பிராணியாகவே பெயர் வைத்திருந்தார்கள். அந்த முடிச்சையும் அவிழ்த்தவர் இவர்தான். டார்வின் இந்தக் கொட்டலசை வைத்துக்கொண்டு 1846 முதல் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பில் செய்ய: கொட்டலசு ஒட்டிய சின்னக் கல்லைக் கடல் தண்ணீர் டம்ளரில் போட்டு, ஆடாமல் அசையாமல் பத்து நிமிஷம் காத்திருங்கள். உச்சியில் கதவு திறக்கும். இறகு மாதிரி ஒரு கை வெளியே வந்து, ஒரு வீச்சு வீசி, மூடிக்கொண்டு உள்ளே போகும். மறுபடி வரும். அது கையில்லை, கால். குஞ்சாக இருக்கும்போது தலையை ஒட்டிக்கொண்டு, அதைச் சுற்றி வீடு கட்டி, மிச்ச ஆயுள் முழுக்கத் தலைகீழாகக் கிடந்து காலால் சோற்றை வாரிச் சாப்பிடுகிற இறால் சாதி அது. கணுக்கணுவான அந்தக் காலைக் கைலென்ஸில் பார்த்த பிறகு ஒரு பிள்ளையும் அதைச் சிப்பி என்று சொல்லாது. வயசான பிராணியில் மறைந்துபோன சொந்தம் குஞ்சில் தெரிகிறது, குஞ்சு லென்ஸில்தான் தெரிகிறது. உங்கள் மூன்று கேள்வியும் ஒன்று என்று நான் சொன்னது இதனால்தான்.

மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்த அறைகளுக்குச் செல் என்று பெயர் வைத்த கதையைப் புத்தகமே சொல்லிவிடும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது லீவன்ஹூக். டெல்ஃப்ட் ஊர் ஜவுளிக்காரர். துணியின் இழை எண்ணுகிற லென்ஸிலிருந்து ஆரம்பித்து, மிளகளவு கண்ணாடி மணியைத் தானே தேய்த்து, ஒற்றை லென்ஸில் இருநூற்றுச் சொச்சம் மடங்கு காட்டினார். 1676இல், மிளகு ஏன் காரமாக இருக்கிறது, அதற்கு முள் இருக்கிறதா என்று பார்க்க மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். சில வாரம் கழித்துப் பார்த்தால் முள்ளைக் காணோம், நெளிகிற பிராணிகள் கோடிக்கணக்கில். பாக்டீரியாவை மனிதக் கண் பார்த்தது அப்படித்தான். அந்த மிளகு நம் பக்கத்துக் கரையிலிருந்து கப்பலேறிப் போனதாகக்கூட இருக்கலாம் என்று நான் சேர்த்துச் சொல்வேன், சாட்சி கிடையாது.

மூவாயிரத்துக்கு என்ன வாங்குவது? "1200 மடங்கு" என்று பெட்டியில் அச்சடித்த பிளாஸ்டிக் பொம்மையை மட்டும் வாங்காதீர்கள். பெரிதாக்குவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு. ஒளியை வைத்துப் பார்க்கிற சாதாரண மைக்ரோஸ்கோப் எதுவும் 0.2 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இரண்டு புள்ளியை இரண்டாகக் காட்டாது, அது வெளிச்சத்தின் எல்லை. பொம்மை லென்ஸ் அதற்கு வெகுதூரம் முன்பே மங்கிவிடும், மங்கலைத்தான் பெரிதாக்கும். என் யோசனை: முதலில் பத்து மடங்குக் கைலென்ஸ் நாலைந்து வாங்குங்கள். கொட்டலசுக் கால், மீன் செதில், பாசிக் கிளை எல்லாவற்றுக்கும் அது போதும். ஒரே குழாயில் முப்பது பேர் வரிசையில் நிற்பதைவிட மேல். அடுத்து, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித மடிப்பு ஃபோல்ட்ஸ்கோப் ஒன்று, 140 மடங்கு காட்டும். மிச்சக் காசை வைத்துக்கொண்டு, ஏதாவது காலேஜ் லேப் கழித்துப் போடுகிற பழைய மாணவர் மைக்ரோஸ்கோப்புக்குச் சொல்லி வையுங்கள். 4, 10, 40 லென்ஸும், கீழே வெளிச்சத்தைச் சுருக்குகிற திரையும் இருந்தால் போதும். எண்ணெய் விட்டுப் பார்க்கிற 100 லென்ஸ் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

வாங்குமுன் லென்ஸைக் கழற்றி பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைகிளையாகத் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். நம் கரையின் ஈரக்காற்றுக்கு அது நிச்சயம் வரும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் புத்தம்புது மைக்ரோஸ்கோப் இரண்டை யாரும் தொடக்கூடாது என்று பீரோவில் பூட்டி வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துத் திறந்தபோது உள்ளே பூஞ்சை உலகம் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. தினமும் எடுத்துப் பாருங்கள், இரவில் சிலிக்கா ஜெல் பையோடு மூடி வையுங்கள். கடல் தண்ணீர் சிந்தினால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உடனே துடைத்துவிடுங்கள், உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

பார்க்கிற முறையில் இரண்டே சமாச்சாரம். எப்போதும் 4 லென்ஸில் ஆரம்பியுங்கள். நிறமில்லாதது எதையும் பார்க்கும்போது கீழ்த்திரையைச் சுருக்குங்கள், வெளிச்சம் குறைந்தால்தான் விளிம்பு தெரியும். எல்லோரும் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். அளவு வேண்டுமா? கண் வைக்கிற லென்ஸில் 18 என்று எழுதியிருந்தால், அதைக் கீழ் லென்ஸின் எண்ணால் வகுங்கள்: 4 லென்ஸில் தெரிகிற வட்டம் நாலரை மில்லிமீட்டர் அகலம், 40இல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வட்டத்தில் எத்தனை பங்கு அடைக்கிறது என்று பார்த்தாலே பிராணியின் அளவு வந்துவிடும்.

எதைப் பார்ப்பது என்ற கவலையே இல்லை. சுண்ணாம்பு குறைவாகப் போட்ட பதநீர் மத்தியானத்துக்குள் புளிக்க ஆரம்பிக்கும், அதில் ஒரு சொட்டு 400 மடங்கில்: முட்டை முட்டையாக ஈஸ்ட், சிலது தோளில் குட்டி முட்டையோடு. அது பூஞ்சை உலகம். சின்ன வெங்காயத் தோலில் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு (மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும்) விட்டால் உட்கரு. இரவில் அலை உடையும் இடம் நீலமாக மினுங்குகிற நாள் வந்தால் ஒரு பாட்டில் பிடித்துவையுங்கள். நாக்டிலூகா, நம் ஆட்கள் பூங்கோரை என்பது. 2019 செப்டம்பரில் கடல் பச்சையாகி, மீன் செத்து ஒதுங்கியதற்கு இதுதான் காரணம். ஒரே ஒரு செல், ஆனாலும் வெறுங்கண்ணுக்கு ஜவ்வரிசிப் பொடி மாதிரி தெரியும். நம் கடலில் வருகிற நாக்டிலூகாவின் உடம்புக்குள்ளே பச்சைப் பாசி உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும், கூடவே டயாட்டமையும் விழுங்கி வைத்திருக்கும். செடியா, பிராணியா? அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணையே கேளுங்கள், இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் 1866இல் ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்று மூன்றாவது பெட்டியே போட்டார்.

ஒரு இடத்தில் மைக்ரோஸ்கோப்பும் கையை விரித்துவிடும், அதையும் காட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் உப்புக் கருவாட்டில் ரோஸ் நிறத்தில் வழவழப்பாகப் பிடிக்குமே, அம்மாக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கிப்போடுவது, அதே ஆட்கள்தான் உப்பளப் பாத்தியைச் சிவப்பாக்குகிறவர்களும். லென்ஸில் வைத்தால் சின்னக் குச்சிகள். தயிரில் இருக்கிற பாக்டீரியாவிலும் இதே மாதிரி சின்னக் குச்சிகள் உண்டு. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது, ஹாலோபாக்டீரியம் என்று பெயர் வைத்தவர்களும் பாக்டீரியா என்றே நினைத்தார்கள். 1977இல் கார்ல் வோஸ் பார்ப்பதை விட்டுவிட்டு, செல்லுக்குள் புரதம் கட்டுகிற இயந்திரத்தின் ஆர்என்ஏ எழுத்தை ஒப்பிட்டுப் படித்தார். அப்போதுதான் ஆர்க்கியா என்ற தனிக் கூட்டமே வெளியே வந்தது. 1990இல் ஐந்து உலகத்துக்கும் மேலே பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா (செல்லில் உட்கரு உள்ளவை) என்று மூன்று பெரும்பிரிவு வைத்தார்கள். அந்தக் கணக்கில் கட்டக்கோரையும் பனையும் கொட்டலசும் நீங்களும் நானும் ஒரே பிரிவு, தயிரும் கெட்ட கருவாடும் ஆளுக்கொரு பிரிவு.

சனிக்கிழமை ஆரம்பிக்கிறீர்கள் என்றால், காலையில் ஜெட்டிக்குப் போகும்போது ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில் ஒரு சின்னக் கூம்புப்பை தைத்து, நுனியில் மாத்திரைப் பாட்டில் கட்டி எடுத்துப்போங்கள். கயிறு கட்டி அஞ்சு நிமிஷம் தண்ணீரில் இழுத்தால் போதும். பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள், முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், மத்தியானத்துக்குள் பார்த்துவிடுங்கள். அதற்குமேல் வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கண் ஒன்று, கை மூன்று ஜோடி, நெற்றியின் இரு மூலையிலும் கொம்பு இருக்கிற நாப்ளியஸ் அகப்பட்டால் அது கொட்டலசுக் குஞ்சு. முதலில் அந்தப் பெண்ணுக்குக் காட்டுங்கள்.